திரையில் வந்த போர்ச் செய்தி

ஒரு சினிமாக் கொட்டகையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். ஆண்டு 1944. கதைப்படம் பார்க்கவேண்டும் என்று காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய மக்கள் ஆவலோடு அமர்ந்திருக்கின்றனர். விளக்குகள் அணைகின்றன. ஆனால், திரையில் முதலில் தோன்றுவது கதைப்படமன்று. 'இந்தியன் நியூஸ் பரேட்' என்னும் போர்ச் செய்திப்படம். அதைப் பார்க்கவேண்டும் என்று அங்கு வந்தவர்கள் கேட்கவில்லை. காட்டவேண்டும் என்று கொட்டகைக்காரரும் விரும்பியிருக்க வேண்டியதில்லை. அது சர்க்காரின் கட்டளை.

இக்கட்டளை பிறந்த விதத்தைச் சிறிது பார்ப்போம். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், சட்டசபையைக் கலந்துகொள்ளாமலே, இந்தியாவும் போரில் ஈடுபட்டிருப்பதாக வைசிராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். அதை ஏற்க மறுத்த காங்கிரஸ் மந்திரிசபைகள், சென்னையில் இராஜாஜியின் மந்திரிசபை உட்பட, பதவி துறந்தன. மக்களின் சம்மதம் பெறாமல் தொடங்கிய போருக்கு மக்களின் ஆதரவைத் தேடவேண்டிய நிலை ஆட்சியாளருக்கு ஏற்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த நாட்டில் அச்சிட்ட தாள் எட்டாத இடத்தையும் திரைப்படம் எட்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1940-இல் திரைப்பட ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. 1943-இல் 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' என்ற விவரணப்பட நிலையமும், 'இந்தியன் நியூஸ் பரேட்' என்ற செய்திப்பட நிலையமும் தோன்றின. தமிழும் அவற்றின் மொழிகளுள் ஒன்று.

அதே ஆண்டில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் ஏற்றுக்கொண்ட படங்களை 2,000 அடி வரை காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. பேசும்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே 2,000 அடி என்பது ஏறக்குறைய 22 நிமிடம். இதற்கு வாடகையும் கொட்டகைக்காரரே செலுத்தவேண்டும். கச்சாப் பிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், கதைப்படங்களின் நீளத்தையே 11,000 அடிக்குள் சர்க்கார் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது.

திரையில் கண்டவை பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். காமிரா கண்ட சிப்பாய் உண்மையான சிப்பாயே. 25 லட்சம் இந்தியர் அப்படையில் பணிபுரிந்தனர். அவர்களது வீரமும் துன்பமும் பொய்யல்ல. ஆனால், எதைப் படம் பிடிப்பது, எதை வெட்டுவது, எந்தக் காட்சிக்கு எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பவற்றைத் தீர்மானித்தவர்கள் வேறு. சொல்லப்பட்டது மெய்யாக இருக்கும்போதே சொல்லப்படாததன் வழியாக ஒரு தோற்றத்தை உண்டாக்க முடியும். பிரசாரத்தின் வலிமை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வங்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் தொடங்கிய பஞ்சமும் அதையொட்டி வந்த நோய்களும் 20 முதல் 30 லட்சம் உயிர்களைக் கொண்டன என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. கல்கத்தா வீதிகளில் பசியால் வீழ்ந்தவர்களை நாட்டின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது சர்க்காரின் செய்திப்படமன்று; அவ்வாண்டு ஆகஸ்டில் துணிந்து புகைப்படங்களை வெளியிட்ட 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை. அதுவும் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே என்பதை நினைவில் வையுங்கள். உண்மையைச் சொல்வதற்குத் தேவைப்பட்டது இனமன்று, துணிவு.

மற்றொரு துணிவுக்கும் நம்மிடம் சான்று உண்டு. தமிழரான ஏ. கே. செட்டியார், பல நாடுகளுக்கும் அலைந்து, காந்தியடிகளைப் பற்றிய படத் துண்டுகளைச் சுமார் 50,000 அடி அளவுக்குச் சேகரித்தார். அவற்றிலிருந்து உருவான விவரணப்படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. அதற்குச் சர்க்காரின் கட்டளையும் இல்லை, பண உதவியும் இல்லை. இரண்டாண்டுகளில், 1942 ஆகஸ்டில், அப்படத்தின் நாயகர் சிறைப்படுத்தப்பட்டார்.

போர் முடிந்தபின், 1946-இல், மத்திய சட்டசபை இப்பட நிலையங்களின் மானியத்தை வெட்டியது. அந்நியரின் பிரசாரக் கருவி என்ற வெறுப்பே அதற்குக் காரணம். நிலையங்கள் மூடப்பட்டன. அதன் விளைவு என்ன? 1947 ஆகஸ்ட் 15 வந்தபோது, அந்நாளைப் படம்பிடிக்கச் சர்க்காரிடம் சொந்த நிலையம் இல்லை. தனியாரும் வெளிநாட்டுச் செய்திப்படக்காரரும் எடுத்தவையே நமக்கு எஞ்சின. 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் தோன்றியது. கொட்டகைகள் சர்க்கார் ஏற்ற படங்களைக் கட்டாயம் காட்டவேண்டும் என்ற பழைய முறையைச் சுதந்திர இந்தியாவும் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் வாயிலாகக் கைக்கொண்டது. ஆட்சி மாறிற்று, கருவி கைமாறிற்று.

ஆகவே, பழைய செய்திப்படம் எதையேனும் காணும்போது அதை வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். அப்படியே நம்பவும் வேண்டாம். இதை எடுத்தவர் யார், செலவு யாருடையது, காமிரா திரும்பாத பக்கத்தில் யார் நின்றிருந்தார்கள் என்று கேளுங்கள். இன்று உங்கள் கையில் உள்ள சிறு திரையில் ஓடும் காட்சிகளுக்கும் அக்கேள்விகள் பொருந்தும்.