கடன் உண்மை, வழக்கு நிற்கவில்லை

"அவன் தரவேண்டியது உண்மைதானே, பிறகேன் கோட்டில் எடுபடவில்லை?" என்று மொத்தப் புடவை வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். வழக்கு முறைப்பாட்டை வாசித்ததும் விளங்கியது.

வழக்குக்கான காரணம் எங்கே, எப்போது ஏற்பட்டது என்பதைத் தெளிவாக, சுருக்கமாக எழுதச் சொல்கிறது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40ஆம் பிரிவு. இவரோ நான்கு பக்கத்துக்கு எதிராளியை ஏசியிருந்தார். சரக்குக் கொடுத்த திகதியே இல்லை. 46ஆம் பிரிவின்படி முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது.

அதைவிட மோசம், எதிராளி பிறகு கொடுத்த இரண்டு இலட்சத்தை மறைத்து, அவர் கடையை விற்காதிருக்கத் தடையுத்தரவு கேட்டது. தடையுத்தரவு கேட்பவர் உள்ளதை முழுமையாகச் சொல்லவேண்டும். மறைத்தால் நியாயத்தை ஆராயாமலே மனு தள்ளுபடியாகும் என்று 1973இலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நிராகரிப்பு மட்டும் புதிய முறைப்பாட்டைத் தடுக்காது. ஆனால் விற்ற சரக்குக்கும் கடைப் பில்லுக்கும் காலவிதிப்புச் சட்டம் தரும் தவணை ஒரு வருடம்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். இவரிடம் இருந்ததோ கடைக் கொப்பி. சரக்குக் கொடுத்து வருடம் கடந்துவிட்டது.

பகுதிப் பணம் கிடைத்தால் அந்தத் தவணை புதிதாகத் தொடங்கும். அவர் மறைத்தாரே அந்த இரண்டு இலட்சம், அதிலிருந்து எண்ணினால் இன்னும் பதினேழு நாள் இருந்தது. அன்றே சட்டத்தரணியிடம் அனுப்பினேன், அந்தப் பற்றுச்சீட்டோடு.