எதை முதலில் செய்வது? – ஊராட்சித் திட்ட முகாம்

ஊரின் தேவைகளுக்கு முடிவில்லை. ஊராட்சியின் வருவாய்க்கோ எல்லை உண்டு. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் தாய், முதலில் அரிசிக்கும் பிள்ளையின் மருந்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதம் இருந்தால்தான் புதுப் புடவையைப் பற்றி எண்ணுகிறாள். ஊரை நடத்துவோரும் அவ்வாறே வரிசை வகுத்தல் வேண்டும். வரிசை வகுக்காத ஊரில், அழுத பிள்ளைக்கே பால் என்னும் நிலை ஏற்படுகிறது. உரத்துப் பேசும் தெருவுக்கு இரண்டு முறை சாலை கிடைக்கும். பேசத் தயங்கும் குடியிருப்பு குடத்துடன் காத்திருக்கும்.

திட்டமிடுதல் ஊராட்சிக்கு யாரோ தந்த சலுகையன்று. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களைத் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு உரியதாக்க வழி செய்தது. பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் குறிக்கப்பட்டுள்ளன. வளர்ச்சி என்னும் சொல்லோடு நீதி என்னும் சொல்லும் சேர்ந்தே நிற்பதை உறுப்பினர்கள் மறத்தலாகாது.

திட்டத்தை அலுவலக மேசையில் அரை மணி நேரத்தில் எழுதிவிட இயலாது. அங்கே மனுதாரர் வருவர். தொலைபேசி மணி அடிக்கும். ஆகையால், கிராம சபை கூடுவதற்குச் சில வாரங்கள் முன்னர், தலைவரும் உறுப்பினர்களும் செயலரும் இரண்டு நாள்கள் தனித்து அமர்ந்து ஆராய்வது நலம். விடுமுறை நாளில் பள்ளிக் கட்டடமே போதும். மகளிர் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர், நீர்த்தொட்டி இயக்குபவர், அனுபவம் மிக்க உழவர் ஆகியோரையும் அழைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், ஊராட்சிகள் வளர்ச்சி அறிக்கை தயாரித்து, அதற்கெனக் கூட்டிய கருத்தரங்குகளில் விவாதித்த பின்னரே திட்டம் வகுத்தன.

முகாமின் முதல் வேலை, சென்ற ஆண்டின் கணக்கைப் பார்ப்பதாகும். முடிந்த பணி எது, பாதியில் நின்றது எது, ஏன் நின்றது என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் இடம்பெறத் தகுதியற்றவர் என்று உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த நெறி இன்றும் நமக்கு ஏற்றதே.

அடுத்து, கையிருப்பைக் கணித்தல் அவசியம். எந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். சான்றாக, பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2021-22 முதல் 2025-26 வரை வழங்கப்பட்ட மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென வரையறுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 40 விழுக்காட்டையே உள்ளூர்த் தேவைக்கேற்பப் பயன்படுத்த இயன்றது. இத்தகைய வரையறைகளை அறியாமல் தீட்டும் திட்டம் மணலில் கட்டிய வீடாகும்.

முதல் நாள் பிற்பகலில் அனைவரும் ஊரை நடந்து பார்க்க வேண்டும். கடைக்கோடிக் குடியிருப்பிலிருந்து தொடங்குவது சிறப்பு. ஏரியின் வரத்துக் கால்வாய், சுடுகாட்டுப் பாதை, பள்ளிக் கழிப்பறை ஆகியவற்றைக் கண்ணால் கண்ட பின் பேசும் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாம் நாளில் வரிசை வகுத்தல். தேவைகளை ஒவ்வொரு தாளில் எழுதித் தரையில் பரப்பி, ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, முக்கியமெனத் தோன்றுவதன் மேல் வைக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும், சபையில் பேசக் கூச்சப்படுபவரும் இம்முறையில் தம் எண்ணத்தைத் தெரிவிக்க இயலும்.

ஆனால், கொட்டைகளின் எண்ணிக்கையையே தீர்ப்பாகக் கொள்ளுதல் தவறு. ஓர் ஊராட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். 300 குடும்பங்கள் வாழும் பெரிய தெரு சிமெண்ட் சாலை கேட்கிறது. 20 குடும்பங்கள் வாழும் குடியிருப்பு குடிநீர்க் குழாய் கேட்கிறது. எண்ணிக்கையால் அளந்தால் அக்குடியிருப்பு எந்த ஆண்டும் வெல்லாது. ஆகவே ஒவ்வொரு பணியைக் குறித்தும் நான்கு கேள்விகள் எழுப்புதல் வேண்டும். இவ்வாண்டு இதைச் செய்யாவிடில் யாருக்கு என்ன தீங்கு? அவர்களுக்கு வேறு வழி உண்டா? வேறு துறையின் நிதியில் இதைச் செய்ய இயலுமா? செய்து முடித்த பின் பராமரிப்பவர் யார்?

இக்கேள்விகளுக்கு விடை காணும்போது வரிசை மாறிவிடும். சாலை ஓராண்டு பொறுக்கும். தாகம் ஒரு நாளும் பொறுக்காது. பெரிய தெருவினருக்கு நடக்க வழி இருக்கிறது. குடியிருப்பின் பெண்களுக்கோ வயல் கிணற்றைத் தவிர வேறு வழியில்லை. இதை நேரில் எடுத்துரைத்தால், பெரிய தெருவின் உறுப்பினரும் இசைவது இயல்பே.

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகின்றனர். மோட்டார் பொருத்தினால் மின்கட்டணம் வரும். தொட்டி கட்டினால் இயக்குபவருக்கு ஊதியம் தர வேண்டும். ஆண்டுச் செலவைக் கணக்கிடாமல் எழுப்பும் கட்டடம், பூட்டிய கதவாகவே நின்றுவிடும்.

முகாமில் வகுத்த வரிசை முடிவன்று. அது கிராம சபையின் முன் வைக்கப்படும் யோசனையே ஆகும். ஒப்புதல் அளிக்கும் உரிமை மக்களுடையது. அங்கே இரண்டு பட்டியல்களைப் படித்தல் வேண்டும். ஒன்று, இவ்வாண்டு செய்யும் பணிகள். மற்றொன்று, தள்ளிவைக்கப்பட்ட பணிகளும் அவற்றுக்கான காரணமும். இரண்டாவது பட்டியலை மறைப்பதாலேயே மக்களிடம் ஐயம் பிறக்கிறது. காரணம் சொன்னால் காத்திருக்க மக்கள் தயங்குவதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் பொறுப்பதுமில்லை.

இரு பட்டியல்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் யாவரும் படிக்கும் வண்ணம் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு முகாமுக்கு அமரும்போது, தள்ளிவைத்த பணிகளிலிருந்தே பேச்சைத் தொடங்குதல் வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். தேர் எத்தெருவில் முதலில் திரும்ப வேண்டும் என்பதையும் ஊர் கூடியே தீர்மானித்தால், அது நிலை வந்து சேர்வது உறுதி.