பாட்டி முகத்தில் வெள்ளைக் கோடு!

பாட்டியின் கடைசிப் படம் செல்போனில் இருந்தது. கொஞ்சம் மங்கல். சுவரில் மாட்ட வேண்டுமே! கம்ப்யூட்டரில் கூர்மையை முழுக்க ஏற்றினேன். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது! சுருக்கங்கள் கீறல்களாகிவிட்டன.

ஏன் இப்படி?

கம்ப்யூட்டர் படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கிறது. அதை அசலோடு ஒப்பிடுகிறது. வேறுபடும் இடமே ஓரம். அங்கே கருப்பை மேலும் கருப்பாக்கும். வெளுப்பை மேலும் வெளுப்பாக்கும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். அவ்வளவுதான்! காமிராவில் பதியாத இமை முடியை அது கொண்டுவராது. பிலிம் கழுவிய இருட்டறைக் காலத்திலேயே இந்த யுக்தி உண்டு.

திரையில் பார்க்கக் கொஞ்சம் போதும். காகிதத்தில் மை பரவும். அதனால் அச்சுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். படத்தின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். கூர்மை கடைசி வேலை.

அசலைத் தனியே வைத்துவிடுங்கள். நான் அசலின் மேலேயே சேமித்துவிட்டேன்!