காசநோயாளியை ஒதுக்கலாமா?

க்ஷயம் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோய் உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் வருத்துவதாகும். நோய் கண்டவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் படுக்கை என ஒதுக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சிப் பெற்றோர் நோயை மறைப்பதும் உண்டு. மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. அதற்குள் நோய் பிறருக்கும் பரவுகிறது.

சென்னை காட்டிய வழி

முன்னாளில் இந்நோயாளரைத் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே சிறந்த முறை எனக் கருதப்பட்டது. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நகரத்து ஏழை நோயாளருள் ஒரு சாரார் சானடோரியத்திலும், மற்றொரு சாரார் தத்தம் வீட்டிலும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீடுகளிலோ நெருக்கடி மிகுதி, உணவும் குறைவு. ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று சோதித்தனர்.

1959-இல் வெளியான முடிவின்படி, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெளிவாயிற்று. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது. தக்க மருந்து தொடங்கியபின் பிறருக்குத் தொற்றும் ஆற்றல் விரைவில் குறைகிறது. ஆகவே, தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காமலே நோயைத் தீர்க்கலாம் என்பது உறுதியாயிற்று.

நாம் செய்யத்தக்கவை

காசநோய், இருமும்போது காற்றில் கலக்கும் கிருமிகளால் பரவுவது. தட்டாலும் தொடுவதாலும் பரவாது, பரம்பரை நோயுமன்று. இருமும்போது வாயை மூடுதலும், வீட்டில் காற்றோட்டமும் அவசியம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் நோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை போதும். சத்துணவுக்காக அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

சில வாரங்களில் இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவோர் உண்டு. மனம் சோர்ந்து நிறுத்துவோரும் உண்டு. இருவருக்கும் துணை வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராமசபையில் இவ்வுண்மைகளை எடுத்துரைக்கலாம். ஆனால் நோயாளியின் பெயரை வெளியிடலாகாது. அவர் விரும்பினால் வீட்டிற்குச் சென்று, அருகில் அமர்ந்து, அவர் தரும் தண்ணீரை வாங்கிப் பருகுங்கள். அதைக் காணும் அண்டை வீட்டாரின் அச்சமும் நீங்கும்.