பின்பக்கம் காவல் காக்கும் காது

வீட்டில் சாவிக்கொத்து இருந்தால் எடுத்து வாருங்கள். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்காரட்டும். இன்னொருவர் பூனைபோல நடந்து, பக்கத்துக்கு ஒரு தடவை சாவியைக் குலுக்கட்டும். சத்தம் வரும் திசையை உட்கார்ந்திருப்பவர் விரலால் காட்ட வேண்டும். அநேகமாகச் சரியாகவே காட்டிவிடுவார். அடுத்து, இடது காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு மறுபடி விளையாடுங்கள். சாவி இடப்பக்கம் குலுங்கும்; கை வலப்பக்கம் நீளும்! சத்தம் கேட்கிறது, திசைதான் தப்பிப் போகிறது.

காரணம் இதுதான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். வலப்பக்கம் அடிக்கும் மணி வலது காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போகக் கொஞ்சம் தாமதம் ஆகும். எவ்வளவு தாமதம் தெரியுமா? ஒரு நொடியை 1000 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட இல்லை. அந்தத் துளி நேரத்தைப் பிடித்துத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருமே, அப்போது? காது மடலில் இருக்கும் மடிப்புகள் அந்தச் சத்தத்தைச் சற்று மாற்றி அனுப்பும். அதை வைத்து மூளை முன், பின் பிரித்துவிடும்.

சைக்கிள் ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் வருவதை முதலில் சொல்வது காதுதான். லாரியின் உறுமல், சாலையில் டயர் உரசும் ஒலி எல்லாம் அதில் அடக்கம். இரண்டு காதிலும் பாட்டு நிறைந்திருந்தால் இவை அமுங்கிவிடும். அதிலும் ‘தும் தும்’ என்று அதிரும் கனத்த தாளம், மெல்லிய ஒலிகளை விழுங்குவதில் கெட்டிக்காரன்.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கூடாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டலாம். நெதர்லாந்தில் பாட்டுக் கேட்டபடி ஓட்டலாம். ஆனால் 2019 ஜூலை முதல், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிக்கத் தடை. இந்த மூன்றில் பிரான்ஸ்தான் மிகவும் கண்டிப்பு. 2015 ஜூலை 1 முதல் அங்கே ஒரு காதில்கூட மாட்டக் கூடாது. மீறினால் 135 யூரோ அபராதம். பாட்டு ஓடாவிட்டாலும், ஒலி எழுப்பக்கூடிய கருவி காதில் இருந்தாலே தப்பு.

சாவிக்கொத்து விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களுக்கு, ஒரு காது போதுமா என்ற கேள்வி வந்திருக்கும். போதாது என்றுதான் நானும் நினைக்கிறேன். பிரான்ஸ் பக்கமே என் ஓட்டு.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. காது சரியாகக் கேட்காதவர்கள் அணியும் செவித்துணைக் கருவிக்குத் தடை இல்லை. அதுவும் காதுக்குள் ஒலி எழுப்பும் கருவிதான். ஆனால் பின்னால் வரும் மணியோசையை அது அவர்கள் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதே!