ஓடுற வழியை ஆப்ல சேவ் பண்றதுக்கு முன்னாடி

இன்னைக்கு ரன்னிங் ஆப் பத்திப் பேசுவோம். ஸ்ட்ராவா, நைக்கி ரன் கிளப் மாதிரி, போனை பாக்கெட்ல போட்டுட்டு ஓடினா தூரம், வேகம், போன வழி எல்லாத்தையும் மேப்ல காட்டுற ஆப்கள். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர் பெசன்ட் நகர் இல்ல, ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்துல பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர். ஏன் ஆரணின்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் நேரத்தை அனுப்பிக்கிட்டே இருக்கு. குறைஞ்சது நாலு சாட்டிலைட்டோட சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்து, போன் தன்னோட இடத்தைக் கணக்குப் போடுது. திறந்தவெளியில சுமார் 5 மீட்டர் முன்ன பின்ன இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கோடா இணைச்சு நீளத்தைக் கூட்டுறதுதான் ஆப்போட வேலை.

புள்ளி தள்ளாடினா தூரமும் தள்ளாடும். ஆரணி கோட்டை மைதானத்துல மேல வானம் திறந்திருக்கு, கோடு ஒழுங்கா விழும். நெசவாளர் தெருவுக்குள்ள போனா சிக்னல் சுவர்ல பட்டுத் தெறிச்சு, சுத்தி வரும். அந்தச் சுத்தையும் போன் நிஜம்னு நம்பிடும். விடியக்காலையில தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி வேலை நடந்துச்சுன்னா ஒதுங்கி நடந்துதான் போகணும். (அதுல கால் பட்டுச்சுன்னா பேஸ் எல்லாம் மறந்துடுங்க, ஓட்டம் வேற மாதிரி ஆயிடும்.) நின்னாலும் புள்ளி நகர்ந்துட்டே இருக்கும், அதனால ஆட்டோ பாஸ் ஆன்ல இருக்கட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி சிக்னல் பிடிக்க அரை நிமிஷம் வெட்டவெளியில நில்லுங்க. முக்கியமா, பேட்டரி சேவர்ல இருந்து இந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்க. இல்லன்னா பாதி வழியில பதிவு நின்னு, கோடு வீடுகளுக்கு மேல பறந்து போகும்.

உங்க போன் எவ்வளவு கூட்டிச் சொல்லுதுன்னு தெரியணுமா? பக்கத்துலயே திருவண்ணாமலை கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர். ஒரு தடவை ஆப்போட சுத்திப் பாருங்க. பௌர்ணமிக் கூட்டத்துல நெட் கிடைக்கலன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஏன்னா போன் சாட்டிலைட்டுக்கு எதையும் அனுப்புறதில்ல, கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்கு.

அப்போ நம்ம வழி வெளிய தெரியறது எப்படி? ஓடி முடிச்சுட்டு சேவ் அமுக்குறோமே, அப்பதான்.

2017 நவம்பர்ல ஸ்ட்ராவா உலகம் முழுக்க 100 கோடி பதிவுகளைச் சேர்த்து ஒரு ஹீட்மேப் வெளியிட்டுச்சு. யார் பேரும் அதுல கிடையாது. ஆனா 2018 ஜனவரியில நேதன் ரூசர்ங்கிற ஆஸ்திரேலிய மாணவர் கவனிச்சார்: ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்கள்ல சில இடம் மட்டும் பளிச்சுன்னு எரியுது. ராணுவ முகாம்கள்! வீரர்கள் உள்ள ஜாகிங் போன தடம். சிட்டியில ஆயிரம் கோட்டுக்குள்ள உங்க கோடு கலந்துடும். யாருமே ஓடாத இடத்துல ஒரே ஒரு கோடு இருந்தா அது தனியாத் தெரியும்.

இதுக்குத்தான் ஆரணின்னு சொன்னேன். பல சின்ன ஊர்கள்ல காலையில ஷூ போட்டு ஓடுற பொண்ணுங்களை விரல் விட்டு எண்ணிடலாம். தினமும் 5:30-க்கு ஒரே வாசல்ல ஆரம்பிச்சு அங்கேயே முடியுற கோட்டைப் பப்ளிக்கா போட்டா, வீடு, நேரம், வழி மூணும் கையில கொடுத்த மாதிரி. வேகத்தைத் துல்லியமாச் சொல்லப் பத்தாத அந்த 5 மீட்டர், வீட்டைக் காட்டத் தாராளமாப் போதும். இதுக்காக ஓடுறதை நிறுத்துன்னு வீட்டுல சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். செட்டிங்க்ஸை மாத்தினாப் போதும்.

ஸ்ட்ராவால மேப் விசிபிலிட்டி போய், ஆரம்பிக்கிற இடமும் முடிக்கிற இடமும் மறையுற மாதிரி வைங்க. பதிவை ஃபாலோயர்ஸ் மட்டும் பார்க்கட்டும், ஃபாலோயர் ரிக்வெஸ்ட்டையும் நீங்களே அப்ரூவ் பண்ற மாதிரி மாத்துங்க. இதைவிட எனக்குப் பிடிச்ச வழி, வீட்டுல இருந்து மைதானம் வரைக்கும் வார்ம் அப்பா நடந்துட்டு, அங்க போய் ஸ்டார்ட் அமுக்குறது. கிளம்பும்போது அம்மாவுக்கோ ஃப்ரெண்டுக்கோ வாட்ஸ்ஆப்ல லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்குப் போட்டு விடுங்க. அது தானாவே நின்னுடும்.