ஓட்டமும் வலிமையும் இணைந்த பந்தயம்: நம் இளைஞர் தேர்ச்சி பெறும் வழி

நாள் முழுவதும் பனியன் கம்பெனியில் உழைத்து வரும் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி வேறு எதற்கு என்று நம் பகுதிப் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தையற்காரர் முதுகு வளைந்து அமர்ந்தே நாளைக் கழிக்கிறார். செக்கிங் மேசையருகே நிற்கும் பெண் ஓரடியும் நகராமல் நிற்கிறாள். லோடுமேன் மூட்டை சுமக்கிறார், ஆயினும் ஓடுவதில்லை. இவை உடலின் ஒரு பகுதியைக் களைப்படையச் செய்கின்றனவேயன்றி, இதயத்தையும் நுரையீரலையும் கால்களையும் ஒருங்கே வலுப்படுத்துவதில்லை. அந்தக் குறையை நீக்கக்கூடிய ஒரு புதிய பந்தயத்தைப் பற்றியும், அதில் தேர்ச்சி பெறும் முறையைப் பற்றியும் இங்கு விளக்குவோம்.

பந்தயத்தின் அமைப்பு

ஹைராக்ஸ் எனப்படும் இப்பந்தயம் 2017-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தோன்றியது. இதனைத் தொடங்கிய இருவருள் ஒருவரான மோரிட்ஸ் ஃபுர்ஸ்டே, 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற ஜெர்மன் ஹாக்கி அணியில் ஆடியவர். நம் நாட்டில் 2025 மே மாதம் மும்பையிலும், அதே ஆண்டு ஜூலையில் டெல்லியிலும் இது நடைபெற்றது.

போட்டியாளர் ஒரு கிலோமீட்டர் ஓடி ஒரு வலிமைப் பணியைச் செய்ய வேண்டும். இவ்வாறு எட்டு முறை. பணிகள் வருமாறு: கைகளால் கயிறிழுக்கும் இயந்திரத்தில் 1000 மீட்டர், எடையேற்றிய சறுக்குப் பலகையை 50 மீட்டர் தள்ளுதல், அதுபோன்ற பலகையைக் கயிற்றால் 50 மீட்டர் இழுத்தல், நெஞ்சு தரையிற்படக் கிடந்தெழுந்து முன்னோக்கித் தாவியவாறு 80 மீட்டர், துடுப்பு இயந்திரத்தில் 1000 மீட்டர், இரு கைகளிலும் சுமையேந்தி 200 மீட்டர் நடை, மணல் மூட்டையைத் தோளிற் சுமந்து, அடிதோறும் முழங்கால் தரையைத் தொடுமாறு 100 மீட்டர், இறுதியாகக் கனமான பந்தை 100 முறை சுவரின் மேற்குறியில் எறிதல். பொதுப்பிரிவில் ஆடவர் கைக்கு 24 கிலோவும் பெண்டிர் 16 கிலோவும் ஏந்துவர். மணல் மூட்டை ஆடவருக்கு 20 கிலோ, பெண்டிருக்கு 10 கிலோ.

வெற்றி எங்கே இருக்கிறது?

எடைகளைக் கேட்டவுடன், மூட்டை தூக்கப் பழகினாற் போதும் என்று இளைஞர் எண்ணக்கூடும். ஒரு சிறு கணக்கு உண்மையைக் காட்டும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவர் எட்டு கிலோமீட்டரை 48 நிமிடங்களில் ஓடுவார்; 5 நிமிடம் எடுப்பவர் 40 நிமிடங்களில் முடிப்பார். இந்த எட்டு நிமிடங்களை எடைப் பணிகளில் மிச்சம்பிடிக்க வேண்டுமாயின், எட்டுப் பணிகளிலும் தலைக்கு ஒரு நிமிடம் குறைத்தாக வேண்டும். சுமை நடையோ பலருக்கு இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுவது. அதில் ஒரு நிமிடத்தை எப்படிக் குறைப்பது? ஆகவே, களைத்த கால்களோடு வேகம் குன்றாமல் ஓடக் கற்பதே இப்பந்தயத்தின் முதற் பாடம்.

இரண்டாம் பாடம் நிதானம். முதற் கிலோமீட்டரில் உற்சாக மிகுதியால் பாய்ந்தோடுபவர், பலகையைத் தள்ளும்போதே மூச்சுத் திணறி, பிற்பகுதியில் நடக்கத் தொடங்குவர். முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் வேறுபாடு குறைவாக இருக்குமாறு ஓடுபவரே முன்னேறுவர்.

வாரப் பயிற்சி

வாரத்தில் நான்கு நாட்கள் போதுமானவை.

1. இரு நாட்கள், பக்கத்திலிருப்பவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 30 முதல் 45 நிமிட ஓட்டம். அவற்றுள் ஒரு நாள் ஓட்டத்தின் பின் தண்டால், பஸ்கி ஆகியவற்றைச் செய்யலாம்.

2. ஒரு நாள், ஒரு கிலோமீட்டரைச் சற்று விரைவாக ஓடி, இரண்டு நிமிடம் இளைப்பாறி, மீண்டும் ஓடுதல். மூன்று முறையில் தொடங்கி ஐந்து வரை உயர்த்தலாம்.

3. ஒரு நாள், கூட்டுப் பயிற்சி. ஒரு கிலோமீட்டர் ஓடியவுடன் சுமை நடை. இளைப்பாறாமல் மீண்டும் ஓட்டம். பின்பு மணல் மூட்டை நடை. இவ்வாறு நான்கு சுற்றுகள். களைத்த காலோடு ஓடும் பழக்கம் இதனாலேயே வரும்.

ஓட்டத்தின் தூரத்தை ஒரு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரு கேன்களில் தலைக்கு 20 லிட்டர் நீர் நிரப்பினால் கைக்கு 20 கிலோ ஆயிற்று. பழைய லாரி டயரில் கயிறு கட்டி, மேலே மூட்டை வைத்து இழுத்தால் சறுக்குப் பலகைக்கு ஈடாகும். ஆனால் மண்ணின் பிடிப்பு இடத்துக்கு இடம் மாறுபடுவதால் கிலோக் கணக்கை ஒப்பிட வேண்டாம். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் கரைகளில் உள்ள மண்பாதைகள் தார்ச்சாலையைவிட முழங்காலுக்கு இதமானவை. கயிறிழுக்கும் இயந்திரத்தையும் துடுப்பு இயந்திரத்தையும் மட்டும் நகரத்து உடற்பயிற்சிக் கூடத்தில் சில நாட்கள் பழகிக்கொள்ளல் வேண்டும்.

ஷிப்டும் ஓய்வும்

நம் பகுதிக்குரிய சிக்கல் ஒன்றுண்டு. ஏற்றுமதி நெருக்கடியில் ஒன்றரை ஷிப்டு பார்த்து இரவு வீடு திரும்பும் இளைஞர், விடியற்காலையில் எழுந்து வேக ஓட்டம் ஓடினால் உடல் தேறாது, தேயும். பீஸ் கணக்கில் கூலி பெறுபவருக்குக் கணைக்கால் வீங்கினால் அந்த வாரக் கூலியே போயிற்று. ஆதலால், ஒன்றரை ஷிப்டுக்கு மறுநாள் இலகுவான நடை மட்டும் போதும். கூட்டுப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்க. நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவர், வேலை முடிந்தவுடன் ஓடாமல், உறங்கியெழுந்து மாலையில் ஓடுவது நலம். ஏழு மணி நேர உறக்கம் குறைந்தால் பயிற்சியின் பலனும் குறையும். ஒரே இடத்தில் வலி நீடித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண்க.

மார்ச் முதல் மே வரை காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடல் வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் தோன்றினால் உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, மருத்துவ உதவியை நாடுக. கம்பங்கூழ், ராகிக்களி, நிலக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, முட்டை ஆகிய நம் உணவே போதும். விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் இன்றியமையாதனவல்ல.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

மும்பைக்கும் டெல்லிக்கும் சென்று போட்டியிட எல்லோருக்கும் இயலாது. அதனால் இப்பயிற்சி வீணாகுமோ? ஆகாது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டரை ஏழு நிமிடங்களுக்குள் ஓட வேண்டும், கயிறேற்றமும் உண்டு. ஓட்டத்தையும் வலிமையையும் ஒருங்கே வளர்த்தவருக்கு அத்தேர்வு எளிதாகும்.

கலைஞர் பெயரில் 2024-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட்டன. அவை அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கலாகாது. மைதானத்துக்கு ஒரு விளக்கும், பெண்கள் அச்சமின்றிப் பயில்வதற்குத் தனி நேரமும் ஒதுக்கித் தருதல் ஊராட்சித் தலைவர்களின் கடமையாகும். காணும் பொங்கலன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டமும் நான்கு வலிமைப் பணிகளும் கொண்ட கிராமப் பந்தயத்தை இளைஞர் மன்றங்கள் நடத்தலாம். நால்வர் கொண்ட அணிகளாக, ஆளுக்கொரு ஓட்டமும் ஒரு பணியும் எனப் பிரித்துக்கொண்டால் முதல்முறை ஓடுபவரும் கலந்துகொள்ள இயலும்.

உலகம் உடுத்தும் பனியனைத் தைத்து அனுப்புகின்ற கைகளும் கால்களும் வலிமையோடு நிலைத்திருத்தல் அவரவர் குடும்பத்துக்கு நன்மை, ஊருக்கும் நன்மை. வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோமீட்டரில் தொடங்குவோமாக.